தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சூரியன்

மிஷினின் வாயிலிருந்து சூடாக விழும் கோதுமை மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்க்கிறார் திலகவதி. பார்வை மாவில் இல்லை, எதிர்ச் சுவரில் எங்கோ இருக்கிறது. மாவை விரல் பார்த்துக்கொள்ளும். "இன்னும் முரடு கீது. இன்னொரு ஓட்டு ஓட்டித் தர்றேன், குந்து" என்கிறார். தூக்கோடு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், "சப்பாத்தி துன்னப் போறது நீயா, உங்க ஆபீசரா?" என்று கேட்டுவிட்டு மாவை மறுபடியும் மேலே கொட்டுகிறார்.

ஆரணி கொசப்பாளையத்தில் இருபத்து மூன்று வருடமாக மாவு மில் நடத்துகிறார். வாசலில் பெயர்ப் பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் மிஷின்காரம்மா. வயது நாற்பத்தொன்பது. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. முன்கைகள் மட்டும் கொல்லுப்பட்டறைக்காரருடையவை போல உருண்டு திரண்டிருக்கும். புருவத்தில் எந்நேரமும் மாவு படிந்திருப்பதால் அவருக்கு நரைத்துவிட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. காலையில் அரிசி, அப்புறம் கோதுமை, கேழ்வரகு, கடைசியில்தான் மிளகாய். கலெக்டரே மிளகாயோடு வந்தாலும் மூன்று மணி வரை காத்திருக்க வேண்டியதுதான். மாதத்துக்கு ஒரு முறை அரவைக் கல்லைக் கழற்றி, மடியில் கோணியை விரித்துக்கொண்டு, உளியால் அவரே கொத்துவார். "கல்லு பேசும்ங்க. சத்தம் மாறிச்சின்னா பல்லு தேஞ்சி போச்சின்னு அர்த்தம்."

பேசுகிறவரை நேராகப் பார்க்க மாட்டார். கோழி தானியத்தைப் பார்ப்பது போல முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணால் பார்ப்பார். எப்போதோ மிளகாய்த் தூள் பட்டு வலது கண் கெட்டுவிட்டது என்று தெருவே சொல்லும். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஆரணி அஞ்சலகத்தில் எழுத்தர். திலகவதியை எனக்கு மாவால் தெரியாது, பார்சலால் தெரியும். 1998 கோடையில் சென்னையிலிருந்து அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நான்கு கிலோவுக்கு மேல் கனம். மூலை கிழிந்து, மேசையெல்லாம் கறுப்புத் தூள் கொட்டியிருந்தது. வந்து கையெழுத்துப் போட்டவர் அந்தத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாம்மா அது?" என்றேன்.

"கண்ணாடி அரைக்கிற பொடி."

"கண்ணாடியை எதுக்கு அரைக்கிறீங்க?"

"சனிக் கிரகத்தப் பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டு, பார்சலை இடுப்பில் குழந்தையைப் போலத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். பைத்தியம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக் கேழ்வரகை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பின்னாளில் அவர் என்னிடம் சொன்ன கதை 1995 அக்டோபரில் தொடங்குகிறது. தீபாவளி முடிந்த கையோடு வந்த சூரிய கிரகணம். தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது, அரவைக்கு ஒரு ஆள் வரவில்லை. திலகவதி, கணவரின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இடது கண்ணை மூடி, வலது கண்ணில் அதை வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். கடித்த பிஸ்கட் மாதிரி இருந்ததாம். நெடுநேரம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினால், கதவோரம் மாட்டியிருந்த சல்லடை வழியாக வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மாவு படிந்த தரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள். நூறா, இருநூறா, எண்ண முடியவில்லை. சல்லடையை அசைத்தார். பிறைகள் எல்லாம் சேர்ந்து ஆடின.

"ஒவ்வொண்ணும் ஒரு சூரியன். என் காலடியிலயே கீது. நான் இன்னாத்துக்கு அண்ணாந்து பாத்தேன்னு அப்பதான் தோணிச்சி."

தோன்றியபோது காலம் கடந்திருந்தது. அன்று மாலை வலது கண்ணின் நடுவில் ஒரு புள்ளி வந்தது. எதை நேராகப் பார்த்தாலும் அது மட்டும் தெரியாது, சுற்றிலும் உள்ளது தெரியும். வேலூரில் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, சூரியன் சுட்ட வடு, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். படித்தவர்கள் சிரிப்பார்கள், படிக்காதவர்கள் கிரகண தோஷம் என்பார்கள். இரண்டுக்கும் பயந்து, திலகவதி மிளகாய்த் தூளின் மேல் பழியைப் போட்டார்.

"ஒரு கண்ணக் குடுத்துட்டேன். அதுக்கு பதிலுக்கு எதுனா வாங்கிக்க வேணாவா நானு?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய வேலை முழுவதற்கும் அவர் தந்த விளக்கம் இவ்வளவுதான்.

வழி காட்டியவர் ஜாய்ஸ் டீச்சர். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை, திலகவதியின் வயதுதான். 1997 ஏப்ரலில் மாலை நேரத்து மேற்கு வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தபோது, இருவரும் மில் வாசலில் நின்று பார்த்தார்கள். "கண்ணாடி இருந்தா இன்னும் பெரிசா தெரியுமா டீச்சர்?" என்று திலகவதி கேட்டார். தொலைநோக்கிக் கண்ணாடியை வீட்டிலேயே கையால் அரைத்துச் செய்யலாம் என்று பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் சொன்னது. 'அரைத்து' என்ற சொல்லில் திலகவதி நின்றுவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் டீச்சர் மில்லுக்கு வந்து, கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்து, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தமிழில் சொல்லுவார். அரவைக்கு வந்தவர்களும் கேட்டார்கள். கொசப்பாளையத்தில் பலருக்கு இன்றைக்கும் குவியம் என்றால் என்ன என்று தெரியும்.

ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் பிடித்து ஜவ்வாது மலையேறிக் காவலூர் வானாய்வகத்துக்குப் போனார்கள். பொதுமக்களுக்கென்று வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் சனியைப் பார்த்தார்கள். திலகவதிக்குச் சனியைவிடப் பெரிதாகப் பட்டது, பெரிய தொலைநோக்கியை மூடிச் சுழன்ற அந்த வெள்ளைக் கூண்டு. "அத்தாம் பெரிசு சுத்துது, சத்தமே இல்ல. எம் மிஷினு கத்துற கத்தலப் பாருங்க. வூட்டுக்குப் பின்னால அதே மாதிரி ஒண்ணு வெக்கணும்னு அங்கியே முடிவு பண்ணிட்டேன்."

கண்ணாடி அரைக்கும் முறை கேட்பதற்குச் சுலபம். ஆறு அங்குல அகலத்தில் இரண்டு கனத்த கண்ணாடி வட்டுகள். ஒன்றை ஒரு பீப்பாயின் மேல் பதித்து, மற்றதை அதன்மேல் வைக்க வேண்டும், நடுவில் நீரும் முரட்டுப் பொடியும். மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். நாள் போகப் போக மேல் வட்டு குழியும், கீழ் வட்டு புடைக்கும். அப்புறம் நைசான பொடி, அதற்கப்புறம் இன்னும் நைசு. இந்த இடத்தில் புத்தகத்தைவிடத் திலகவதி கெட்டிக்காரர். வாங்கிய பொடியை அப்படியே நம்பாமல் வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தார். "வடாத்து மாவு மாதிரிதான். எது முதல்ல அடியில குந்துதோ அது முரடு. எது கடைசி வரிக்கும் தண்ணியிலயே சுத்திகினு இருக்குதோ, அதான் நமக்கு வேணும்." மில்லை மூடியபின் தினமும் இரண்டு மணி நேரம் பீப்பாயைச் சுற்றி நடந்தார். மிஷின்காரம்மாவுக்கு ஏதோ வேண்டுதல் என்று எதிர் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து, மெருகு ஏற்றும் கட்டத்தில், கண்ணாடியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஒரு கீறல் விழுந்தது. ஒரே ஒரு முரட்டுத் துகள். அவருடைய முந்தானை மடிப்பிலேயே மாதக் கணக்கில் ஒளிந்திருந்து உதிர்ந்திருக்கிறது. ஜாய்ஸ் டீச்சர் அழுதுவிட்டார். திலகவதி எழுந்து போய் மிஷினைப் போட்டு, யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த ஐந்து கிலோ மிளகாயை அரைத்து முடித்தார். பிறகு வந்து, "மூணாம் நம்பர் பொடியில இருந்து ஆரம்பிக்கலாம் டீச்சர்" என்றார். அந்த மூன்றாம் நம்பர் முரட்டுப் பொடியிலிருந்து மறுபடியும் மெருகு வரை வர ஏழு மாதம் ஆயிற்று. இந்த முறை பீப்பாய்ப் பக்கம் போகுமுன் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார், கையை முழங்கை வரை கழுவினார், உடனிருந்த டீச்சரையும் கழுவ வைத்தார்.

கண்ணாடிக்கு வெள்ளி பூசியது டீச்சரின் வேலை. முதல் தடவை கறுத்துப் போனது. இரண்டாம் தடவை, தட்டிலிருந்த கலங்கல் நீரை வடித்ததும், அடியிலிருந்து டீச்சருடைய முகமும் திலகவதியுடைய முகமும் எழுந்து வந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்கள். மில் காற்றில் வெள்ளி சீக்கிரம் மங்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல, மறுபடியும் பூசுகிறார்கள். மற்ற நாளில் கண்ணாடி முறுக்கு டின்னில் மூன்று மூடி போட்டுத் தூங்குகிறது.

கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழல், பள்ளியில் உடைந்துபோன நுண்ணோக்கியிலிருந்து வந்தது. அதன் உள்ளே குறுக்காக ஒரு மெல்லிய கோடு வேண்டும் என்றது புத்தகம், பார்ப்பது நட்டநடுவில் இருக்கிறதா என்று தெரிவதற்கு. தலைமுடி கயிறு மாதிரித் தெரிந்தது. அப்போதுதான் வேணுகோபால் வாயைத் திறந்தார். திலகவதியின் கணவர். வீட்டின் முன் அறையில் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

"இங்க குடு."

ஒரு கச்சாப் பட்டு நூலை எடுத்துப் பிரித்தார். பிரித்ததை மறுபடியும் பிரித்தார். கடைசியில் அவர் விரலில் எதுவுமே இல்லை என்று தோன்றியது. அந்த இல்லாததை அரக்கு வைத்துக் குழலில் ஒட்டினார். பார்த்தால் துல்லியமாக ஒரு கோடு. மறுநாள் சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்துப் பார்க்கலாமென்று, கண்ணாடியையும் குழலையும் பொருத்திய தொலைநோக்கியை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியின் முழு வெளிச்சமும் குழலில் குவிந்தது. கோடு புகைந்து காணாமல் போனது. முடி கருகும் வாசனை. பெண்கள் இருவரும் திகைத்து நிற்க, வேணுகோபால் மூக்கை உறிஞ்சினார்.

"சுத்தப் பட்டுதான். வாசனையே சொல்லுதே" என்றார்.

திலகவதி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு தொலைநோக்கியின் வாய்க்கு ஒரு தகர மூடி செய்து, அதில் இரண்டங்குல ஓட்டை போட்டார். புது இழை கருகவில்லை. அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சூரியன் வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை.

இனிக் கூண்டு. கொத்தனார் முடியாது என்றார். கேட், கிரில் அடிக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் சவரிராஜ், இரும்பில் செய்தால் தூக்க ஆறு பேர் வேண்டும் என்றார். 2003இல், செய்யார் சாலையில் ஓர் அரிசி ஆலைக்காரர் நெல் ஊறவைக்கும் பத்தாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி அடியில் வெடித்துவிட்டதென்று தூக்கிப் போட்டிருந்தார். எட்டடி அகலம், மேலே வழவழவென்று குமிழ். திலகவதி அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "சவரி, இதுல பாதிய வெட்டுனா இன்னா?" என்றார்.

வறட்சி வருடம் அது. கமண்டல நாக நதியில் மாடு படுத்துக் கிடந்தது. ஒன்பது பேர் அந்தக் கறுப்புத் தொட்டியைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தபோது, வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். "தண்ணி எப்பக்கா வுடுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். திலகவதி தலைகுனிந்து நடந்தார். இன்றுவரை அவர் வெட்கப்படுவது அந்த ஒரு நாளை நினைத்துத்தான். மறுவாரமே மில் கிணற்று மோட்டாரிலிருந்து தெருப்பக்கம் ஒரு குழாய் போட்டார். அது இன்னும் இருக்கிறது.

பின்புறத்தில் இடுப்புயர வட்டச் சுவர், அதன்மேல் இரும்பு வளையம், வெட்டிய தொட்டியின் கீழ் எட்டுச் சக்கரங்கள், மேலே ஒரு பக்கம் நீளமான திறப்பு. வெள்ளை எனாமல் அடித்து முடித்துத் தள்ளினால் கால் சுற்று சுற்றி இறுகி நின்றுவிட்டது. வெயிலில் கிடந்த தொட்டி கோழிமுட்டை மாதிரிக் கோணியிருந்தது. சவரிராஜ் மூன்று முறை வளையத்தை வெட்டி ஒட்டினார். "அக்கா, இது பெரிய பேஜாரு. வுட்டுடலாம்" என்றார். திலகவதி இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அரவை நடுவே மிஷினை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு பட்டறைக்குப் போய், "சக்கரத்தக் கவுத்து வை" என்றார். சக்கரங்களைச் சுவரில் மேல்நோக்கிப் பதித்தார்கள். தொட்டியின் அடியில் நாலங்குல அகலப் பட்டை வளையத்தை மாட்டினார்கள். தொட்டி எப்படிக் கோணினாலும் பட்டை சக்கரத்தை விட்டு விலகாது. திலகவதி ஒரு விரலால் தள்ளினார். எட்டடிக் கூண்டு முழுச் சுற்றும் சுற்றிவிட்டு வந்து நின்றது. சவரிராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

2004 ஜூன் 8 செவ்வாய்க்கிழமை. வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் புள்ளியாகக் கடந்துபோகும் நாள். உயிரோடிருக்கும் எவரும் பார்த்திராதது என்று செய்தித்தாளில் வந்தது. ஊரில் பாதிப்பேர் அன்று வெளியே தலைகாட்டுவதில்லை என்றிருந்தார்கள். மீதிப்பேர் எக்ஸ்ரே படத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். முந்தின வாரம் அரவைக்கு வந்த ஒரு பெண்ணின் கூடையில் அப்படி நாலு துண்டைப் பார்த்துவிட்டு, திலகவதி அன்று இரவு சாப்பிடவில்லை. காலையில் ஜாய்ஸ் டீச்சர் வீட்டுக்குப் போய், "உங்க ஸ்கூல்ல என்னிய ஒரு அஞ்சு நிமிசம் பேச வுடுவாங்களா?" என்று கேட்டார்.

திங்கள்கிழமை காலை வழிபாட்டில் பேசினார். என் மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு. அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம் பேரு திலகவதி. மாவு மிஷினு. உங்க வூட்டு இட்லி மாவு, மொளகாத் தூளு எல்லாம் எங் கையில பட்டுத்தான் வருது. ஒம்போது வருசமா ஊர்ல ஒரு பொய்யச் சொல்லிகினு இருந்தேன். எங் கண்ணு மொளகாத் தூளால போவல. எக்ஸ்ரே பிலிம்ம வெச்சிகினு கிரகணம் பாத்தேன். அதுல போச்சி." இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மேடையைப் பார்த்துத் திரும்பினார். "இப்ப இந்தக் கண்ணால பாக்குறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குப் பொடவ தெரியுது, கையி தெரியுது. தலையே இல்ல."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்களாம். திலகவதி மூடிய கையை எடுக்காமல் அப்படியே நின்றார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கி, மைதானத்தில் காக்கை கத்துவது மட்டும் கேட்டதாம். "நாளைக்கி எல்லாரும் எங்க வூட்டுக்கு வாங்க. சூரியன அட்டையில காட்டுறேன். கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வகுப்புக்குப் போகுமுன் என் மகள் தன் பையிலிருந்து ஒரு துண்டுப் படத்தை எடுத்து ஜாய்ஸ் டீச்சரின் கூடையில் போட்டாள். அவள் போடும்போது கூடை பாதி நிறைந்திருந்தது. அந்தத் துண்டு அவள் பையில் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். மில் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'இன்று அரவை இல்லை. சூரியன் உண்டு.' பழக்க தோஷத்தில் சிலர் டின்னோடு வந்திருந்தார்கள். திலகவதி எல்லாருக்கும் அரவை டோக்கனையே கொடுத்தார். ஒரு முறைக்கு ஆறு பேர். பத்தரை மணிக்கு வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. பத்தே முக்காலுக்குப் புள்ளி சூரியனின் விளிம்பைத் தொட வேண்டும். பத்து நாற்பதுக்கு ஒரு மேகம் வந்து குந்திக்கொண்டது.

யாரும் கலையவில்லை. இருபத்தைந்து நிமிடம் அண்ணாந்து மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அட்டை வெறுமையாக இருந்தது. திலகவதி அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை, முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று ஐந்துக்கு அட்டை பளிச்சென்று விடிந்தது. விளிம்புக்குச் சற்று உள்ளே, பட்டாணி அளவில், மையால் வைத்தது போல ஒரு புள்ளி. முதல் டோக்கன்காரரான வளையல் கடை ரங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "அதா வெள்ளி? அம்மாடி, எத்தினி உருண்டையா கீது!" அந்தக் குரலைக் கேட்டே வரிசையில் கைதட்டல் எழுந்தது.

பதினொன்றரைக்குச் சூரியன் மறுபடியும் காணாமல் போனது. இம்முறை மேகம் இல்லை. சோதித்துப் பார்த்ததெல்லாம் மில் மூடியிருக்கும் காலையிலும் மாலையிலும்தான். ஜூன் மாத உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும் என்பதைத் திலகவதி, டீச்சர், சவரிராஜ் மூவருமே யோசிக்கவில்லை. திறப்பு அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை. மேலே இருப்பது தொட்டியின் பிளாஸ்டிக் குமிழ். வெளியே முந்நூறு பேர், நடுவில் என் மகளின் வகுப்பு முழுவதும். ஜாய்ஸ் டீச்சர் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தார். ஒரு மணி வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திலகவதி மேலே பார்த்தார்.

"இது தண்ணித் தொட்டிதானே டீச்சர்? தொட்டின்னா மூடி இருக்குமில்ல?" வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "சவரி! உச்சி மூடியத் தொற! ஜல்தி!"

எனாமல் அடித்தபோது மூடியையும் சேர்த்து அடித்து ஒட்டிவிட்டிருந்தார் சவரிராஜ். ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் நாலு அடி. மூடி பறந்து எதிர் வீட்டு முருங்கை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. ஒன்றரையடி அகல வட்டத்தில் உச்சிச் சூரியன் நேராகத் தொலைநோக்கிக்குள் இறங்கினான். அட்டையில் தட்டும் பட்டாணியும் திரும்பி வந்தன. வெளியே விசில் பறந்தது.

உள்ளே அடுப்பு போலக் கொதித்தது. ஆனாலும் கறுப்புத் தொட்டிக்குள் சினிமாக் கொட்டகை இருட்டு. அதனால்தான் சூரியன் அவ்வளவு தெளிவாக விழுந்தான். நிமிடத்துக்கு ஒரு முறை திலகவதி தொலைநோக்கியைக் கட்டைவிரலால் ஒரு மயிரிழை தள்ளுவார். சவரிராஜ் கூண்டைத் திருப்புவார். மதியத்துக்கு மேல் நெசவாளர்கள் தறியிலிருந்து எழுந்து கும்பலாக வந்தார்கள். சின்னப்பையன் என்கிற வயதான தறிக்காரர் அட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"புள்ளி சரி. இந்தக் கோடு இன்னா, சூரியனுக்குக் குறுக்க?"

காலையிலிருந்து வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்ற வேணுகோபால், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நம்ப இழை" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சின்னப்பையன் வெளியே ஓடிப்போய், "டேய், நம்ப பட்டு சூரியன் மேல கீதுடா!" என்று கத்தினார். ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போனவர்களும் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புள்ளி விளிம்பைத் தொட்டு, ஒரு கடி போலாகி, நழுவிப் போனது. டோக்கன் எத்தனை சுற்று வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. திலகவதி வெளியே வந்தார். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது, குரல் கட்டிவிட்டிருந்தது. புருவத்தில் மாவு ஒரு துளி இல்லை. அவருக்கு நரைக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. தெரு முழுவதும் நின்று கை தட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கூடச் சேர்ந்து தட்டினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கீரைக்காரி பூங்காவனம் மூச்சிரைக்க வந்தாள். சந்தவாசலிலிருந்து பஸ் கிடைக்கவில்லையாம். "போயிடுச்சாக்கா? நான் பாக்கவே இல்லியே! மறுபடி எப்ப வரும்?"

ஜாய்ஸ் டீச்சர் நோட்டைப் புரட்டினார். "எட்டு வருஷம் ஆகும் பூங்காவனம். 2012, ஜூன் ஆறு. அன்னிக்கிப் பொழுது விடியும்போதே சூரியன் புள்ளியோடதான் வரும். பத்தரைக்குள்ள முடிஞ்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். திலகவதி மட்டும் சிரிக்கவில்லை. சவரிராஜின் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் வாங்கிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறினார். வெள்ளைக் கூண்டின் வயிற்றில், தெருமுனையிலிருந்து படிக்கிற அளவு பெரிய எழுத்தில், '2012 ஜூன் 6' என்று எழுதினார். இறங்கிப் பூங்காவனத்தை ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் ஏறி, அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்: 'காலையில் ஜல்தி வரவும்.'